தராசில் வந்து நின்ற 2147483647

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே லாரி நிறுக்கும் தராசில் கிராணியாக இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். விடிய விடிய மழை பெய்த மறுநாள் காலை, குலை ஏற்றிய முதல் லாரி தட்டில் ஏறியதும் திரையில் எடை 2147483647 கிலோ என்று வந்து அப்படியே நின்றுவிட்டதாம். மேலாளர் இயந்திரக் கோளாறு என்று சொல்லி அணைத்துப் போட்டார். லாரி ஓட்டுநர் கடைசி நான்கு எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு நாலு நம்பர் குலுக்கல் கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்று இரவு அக்கா மகன், கைப்பேசி விளையாட்டில் தங்கக் காசு இதற்கு மேல் ஏறவில்லை என்று அழுதுகொண்டு வந்து நின்றான். வாங்கிப் பார்த்தால் அதே எண். “ஐயா, கெட்டுப்போன தராசுக்கும் விளையாட்டுக் காசுக்கும் ஒரே எண் எப்படி வரும்? கணக்கில் இந்த எண்ணுக்குத் தனியாக ஏதாவது சிறப்பு உண்டா?” என்பது அவருடைய கேள்வி.

உண்டு தம்பி. ஒன்றல்ல, இரண்டு சிறப்பு. ஒன்று இயந்திரத்துக்கு உரியது, இன்னொன்று கணக்குக்கு உரியது. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே குழம்பாக்கிவிடுகிறார்கள். நான் தனித்தனியாகவே பரிமாறுகிறேன்.

முதலில் அளவு. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. நம் நாட்டுப் பத்திரிகைகள் 2.14 பில்லியன் என்று போடும். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றும் பில்லியன் என்றால் மனத்தில் ஒரு படமும் வருவதில்லை, கோடி என்றால்தான் வருகிறது. கிலோவாகவே எடுத்துக்கொண்டால் இது 21 லட்சம் டன்னுக்கு மேல். லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் ஏறத்தாழ 214,748 லாரி. ஒரு நாளைக்கு நூறு லாரி வீதம், ஞாயிறு, தீபாவளி, நோன்புப் பெருநாள் எதற்கும் விடுமுறை விடாமல் நிறுத்தாலும் ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அத்தனையும் அன்று ஒரே லாரியில் வந்து நின்றிருக்கிறது.

இந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சம்பளக் கணக்கில் காட்டுகிறேன். 31 நாள் உள்ள மாதத்தில் தோட்டத்து நிர்வாகம் உங்களிடம் இப்படிப் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் ஒரு காசு, இரண்டாம் நாள் இரண்டு காசு, மூன்றாம் நாள் நான்கு காசு, இப்படி நாளுக்கு நாள் இரட்டிப்பு. காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பிரட்டில் நிற்கும் யாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். பத்தாம் நாள் கூலியே 5 வெள்ளி 12 காசுதான். அதுவரை சேர்ந்த மொத்தம் 10 வெள்ளி 23 காசு. இருபதாம் நாளில் மொத்தம் 10,485 வெள்ளி 75 காசாகிவிடுகிறது. கடைசி நாளான 31ஆம் நாள் கூலி மட்டும் ஒரு கோடியே ஏழு லட்சத்து 37 ஆயிரத்து 418 வெள்ளி 24 காசு. மாத மொத்தம் 21,474,836 வெள்ளி 47 காசு. புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள், உங்கள் தராசு காட்டிய எண்.

ஒன்றில் தொடங்கி இரட்டிப்பாகும் எண்களைக் கூட்டினால், அடுத்து வரவேண்டிய எண்ணுக்கு ஒன்று குறைவாகத்தான் எப்போதும் வரும். 1+2 என்பது 3, அடுத்தது 4. 1+2+4 என்பது 7, அடுத்தது 8. முப்பத்தொரு நாள் கூட்டினால் 32ஆம் நாள் கூலிக்கு ஒன்று குறைவு. 32ஆம் நாள் கூலி, இரண்டை 31 தடவை பெருக்கிய 2³¹. ஆகவே நம் எண் 2³¹ − 1. இதன் முழு ஜாதகமும் இந்தச் சின்ன எழுத்துக்குள்தான் இருக்கிறது.

இயந்திரம் ஏன் இதைப் பிடித்துக்கொள்கிறது? கணினிக்குப் பத்து விரல் கிடையாது. அணைந்த விளக்கு, எரிகிற விளக்கு என்று இரண்டே நிலைதான். அணைந்தால் 0, எரிந்தால் 1. ஒவ்வொரு விளக்கையும் பிட் என்கிறோம். முதல் விளக்குக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8. அதாவது மேலே சொன்ன அதே கூலிக் கணக்கு. முழு எண் ஒன்றை எழுதி வைக்கப் பல நிரல்கள் 32 விளக்குகளை ஒதுக்குகின்றன. அதில் ஒன்று கூட்டல் எண்ணா கழித்தல் எண்ணா என்று காட்டப் போய்விடுகிறது. மிச்சம் 31. அந்த முப்பத்தொன்றும் ஒரே நேரத்தில் எரிந்தால் வரும் மொத்தம்தான் 2147483647. இரும எண்ணில் எழுதினால் வரிசையாக முப்பத்தொரு ஒன்று, நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை.

இதற்கு மேல் ஒன்று கூட்டினால்? பழைய கப்சாய் மோட்டாரில் கிலோமீட்டர் காட்டும் சக்கரம் 99999 வந்து அடுத்த சுற்றில் 00000 ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதைவிட விநோதம். எரிந்துகொண்டிருந்த முப்பத்தொன்றும் அணைந்து, குறி காட்டும் விளக்கு எரிந்துவிடும். கணினி எண்களைக் குறித்துவைக்கும் முறையில் அதற்கு −2147483648 என்று பொருள். உச்சியில் நின்றவன் ஒரு படி ஏறப்போய்ப் பாதாளத்தில் விழுகிறான். விளையாட்டில் காசு கழித்தலாகிப் போனால் பையன் இன்னும் சத்தமாக அழுவான் அல்லவா? அதனால்தான் எழுதியவர்கள் இந்த எண்ணிலேயே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு தொல்லை கொடுத்திருக்கிறது. 2014 டிசம்பரில் ஒரு தென்கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லைக்கு வந்தபோது, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது.

உங்கள் தராசைப் பற்றி நேரில் பாராமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மழைக்கு மறுநாள் என்பதால் என் சந்தேகம் தட்டுக்கு அடியில் இருக்கும் எடை உணரிகள் மீதுதான். குழியில் தண்ணீர் நின்றாலோ, எலி கம்பியைக் கடித்தாலோ உணரி பொருளற்ற மதிப்பை அனுப்பும். தன்னால் தாங்க முடியாத மதிப்பு வரும்போது தன் உச்ச எண்ணைக் காட்டி நின்றுவிடும்படி சில நிரல்களை எழுதியிருப்பார்கள். அப்படியானால் அது காட்டியது எடையே அல்ல. “எனக்கு இதற்கு மேல் எண்ணத் தெரியாது” என்று தராசு கையை விரித்திருக்கிறது, அவ்வளவுதான். அணைத்து ஏற்றுவதோடு விட்டுவிடாமல் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தராசு பத்துக் கிலோ தவறாகக் காட்டினால் ஒருவர் கண்ணிலும் படாது, குலை வெட்டியவனுக்குத்தான் நட்டம்.

இயந்திரத்தின் கதை இவ்வளவே. எனக்குப் பிடித்தது இனிமேல் வருவதுதான்.

2147483647 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. கைக்கெட்டிய சோதனைகளைச் செய்து பாருங்கள். இலக்கங்களின் கூட்டல் 46, ஆகவே மூன்றால் வகுபடாது. கடைசி இலக்கம் 7, ஆகவே இரண்டும் ஐந்தும் இல்லை. ஏழால் வகுத்தால் 1 மிச்சம். பதினொன்றால் வகுத்தாலும் 1 மிச்சம். இப்படியே போனால் எங்கே நிறுத்துவது? இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை என்றால் போதும். ஆனால் அவையே ஏறத்தாழ 4,800 இருக்கின்றன. தாளும் இறகுப் பேனாவும் இருந்த காலத்தில் 4,800 நீள வகுத்தல் செய்வது மனிதன் படும் பாடா?

பாட்டைக் குறைத்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் பகா எண்தான் என்பதை நிறுவிக் காட்டினார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், இரண்டு கண்ணிலும் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. அவர் வழி என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். அவசரப்படாதீர்கள், பிரட்டுக்குப் போனவருக்கு இது புரியும்.

ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘வ’ என்று பெயர். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் ‘வ’வால் வகுத்து மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2³¹ − 1 வகுபடுகிறது என்றால் 31ஆவது இரட்டிப்பில் மிச்சம் மறுபடி 1 ஆகிவிடும், வட்டம் மூடிக்கொள்ளும். 31 பகா எண் என்பதால் வட்டம் அதற்கு முன்னால் மூட வழியில்லை. ஆக அந்த வட்டத்தில் சரியாக 31 மிச்சங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஏதாவது ஒரு மிச்சத்தை எடுத்து இரட்டித்தால் அதுவும் இன்னொரு 31 பேர் வட்டம் போடும். மொத்த மிச்சங்கள் 1 முதல் வ − 1 வரை. பிரட்டில் மேற்பார்வை செய்யும் தண்டல், ஆட்களை ஒரே அளவுக் குழுவாகப் பிரித்து ஒருவரும் மிஞ்சாமல் அனுப்புவது போல, வ − 1 மிச்சங்களும் 31 பேர் கொண்ட குழுக்களாக மிச்சமில்லாமல் பிரிந்துவிடுகின்றன. அதனால் வ − 1 என்பது 31இன் மடங்காகத்தான் இருக்கவேண்டும்.

நம்பிக்கை வரவில்லையானால் சின்னதில் பாருங்கள். 2³ − 1 என்பது 7. ஏழால் வகுத்த மிச்சங்கள் ஆறு. 1, 2, 4 ஒரு குழு. 3, 6, 5 இன்னொரு குழு. மூன்று மூன்று பேராக இரண்டு குழு, கணக்குச் சரி.

இதோடு ஆய்லர் இன்னொரு வடிகட்டியும் வைத்தார். அப்படிப்பட்ட வகுத்தியை எட்டால் வகுத்தால் மிச்சம் 1 அல்லது 7தான் வரும். இரண்டையும் சேர்த்தால் வகுத்தி 248இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 46,340-க்குள் அப்படிப்பட்டவை, ஒன்பதால் வகுபடும் 63-ஐத் தள்ளிவிட்டால், 372 மட்டுமே. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் நூற்றுக்கும் குறைவு. 4,800 வகுத்தல் நூற்றுக்குள் வந்துவிட்டது. வேலையை யோசித்துக் குறைத்தபின் செய்வது என்றால் இதுதான். என் மாணவர்களில் சிலர் முழுதாகச் செய்யாமல் குறைத்தார்கள், அது வேறு கலை.

ஆய்லருக்கு முன்னே பலர் ஊகித்தார்கள். இத்தாலியரான கட்டால்டி, இரண்டின் அடுக்கு 23, 29, 31, 37 ஆகும்போது ஒன்று கழித்தால் நான்குக்கும் பகா எண் கிடைக்கும் என்றார். 1640இல் ஃபெர்மா வந்து அடுக்கு 23 தரும் எண்ணை 47ஆலும், 37 தரும் எண்ணை 223ஆலும் உடைத்தார். 1738இல் ஆய்லர் 29 தரும் எண்ணை 233ஆல் உடைத்தார். 47 என்பது 23இன் இரண்டு மடங்கோடு ஒன்று, 223 என்பது 37இன் ஆறு மடங்கோடு ஒன்று, 233 என்பது 29இன் எட்டு மடங்கோடு ஒன்று. குழு பிரிக்கும் விதி மூன்றிலும் தப்பவில்லை. நான்கில் 31 மட்டும் தாங்கி நின்றது. இந்த வகை எண்களுக்குப் பெயர் கிடைத்தது மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியால். 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67, 257 என்ற அடுக்குகள் தவறாக நுழைந்தன. 61, 89, 107 விடுபட்டன. இருந்தும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. உங்கள் கேள்விக்கு நேரடி விடை வேண்டுமென்றால், இது ஒரு மெர்சென் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகியவற்றுக்கு அடுத்து வரும் எட்டாவது.

அடுக்கு பகா எண்ணாக இல்லையென்றால் முயற்சியே வீண். இரும எண்ணில் அது கண்ணுக்கே தெரியும். 2⁶ − 1 என்பது 111111. இதை 111, 111 என்று மூன்று மூன்றாகவும் வெட்டலாம், 11, 11, 11 என்று இரண்டிரண்டாகவும் வெட்டலாம். அதனால் 63 ஏழாலும் வகுபடுகிறது, மூன்றாலும் வகுபடுகிறது. முப்பத்தொரு ஒன்றைச் சம துண்டாக வெட்ட வழியில்லை. ஆனால் வெட்ட முடியவில்லை என்பதாலேயே பகா எண் ஆகிவிடாது. 2¹¹ − 1, அதாவது 2047, வெட்ட முடியாத வரிசைதான். இருந்தும் அது 23 × 89.

இங்கேதான் நான் முதலில் சொன்ன குழம்பு வருகிறது. “இந்த எண் பகா எண், அதனால்தான் கணினி இதைப் பயன்படுத்துகிறது” என்று எழுதுகிறார்கள். தவறு. கணினி 32 பிட்டை எடுத்தது வசதிக்காக. அதன் உச்சம் பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டுக்கு உச்சம் 32767. அது 7 × 31 × 151 என்று உடைந்துவிடும். 64 பிட்டுக்கு உச்சம் 9223372036854775807. அறுபத்து மூன்று ஒன்றை மூன்று மூன்றாக வெட்டலாம் என்பதால் ஏழால் வகுபடும். இயந்திரங்கள் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனாலும் ஓர் அழகு இருக்கிறது. 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 32 பிட்டின் உச்சம் பகா எண். 128 பிட்டின் உச்சமான 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணும் பகா எண். அதை 1876இல் எதுவார் லூக்கா நிறுவினார். ஒன்றுவிட்டு ஒன்று அமைகிறது என்று துள்ளிக் குதிக்கவேண்டாம். 512 பிட்டில் அடுக்கு 511. அது 7 × 73. அங்கே முடிந்தது அந்த ஒழுங்கு.

லூக்கா கண்டுபிடித்த சோதனையைப் பின்னால் லேமர் எளிமையாக்கினார். அது ஒரு விளையாட்டு மாதிரி. 4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை தடவை செய்தபின் மிச்சம் பூச்சியம் வந்தால் பகா எண். 127-ஐ எடுத்தால் அடுக்கு 7, ஆக ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. வந்துவிட்டது. 2047-க்கு ஒன்பது தடவை செய்து பாருங்கள், கடைசியில் 1736 மிஞ்சும். நம் எண்ணுக்கு 29 தடவை. பள்ளிப் பையன் ஒருவன் கைக்கணிப்பானை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் முடித்துவிடலாம். இன்று மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணும் இதே குடும்பம்தான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, அதற்கு 41,024,320 இலக்கங்கள். நம் எண்ணுக்குப் பத்தே இலக்கம். இருந்தாலும் ஆய்லர் சொன்னதற்குப் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதைவிடப் பெரிய பகா எண் எவருக்கும் தெரியாது.

அண்டை வீட்டார்களையும் சொல்லிவிடுகிறேன். மேல் வீடு 2147483648, இரண்டைத் தவிர வேறு எந்தப் பகா எண்ணும் உள்ளே கிடையாது. கீழ் வீடு 2147483646; அது கூட்டுக் குடும்பம்: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. மேலே 7ஆல் வகுத்தபோதும் 11ஆல் வகுத்தபோதும் மிச்சம் 1 வந்ததன் காரணம் இதுதான்.

இந்தக் கீழ் வீட்டுக்கு ஓர் உபயோகமும் உண்டு. இங்கே மட்டும், நான் மேலே மறுத்ததற்கு மாறாக, எண் பகா எண்ணாக இருப்பது கணினிக்கு உண்மையாகவே கை கொடுக்கிறது. சீட்டுக் கலைப்பதுபோல எண்களைக் கலைத்துத் தர ஒரு வழி வேண்டும். 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள்: 1இல் தொடங்கி 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மிச்சத்தை எடு, மறுபடி பெருக்கு. 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போகும். ஆனால் 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்ட பிறகுதான் மறுபடி 1-க்குத் திரும்பும். ஒரு வீடும் விடுபடாமல், ஒரு வீட்டுக்கும் இரண்டாம் தடவை போகாமல் லயம் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டு வருகிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. 16807 என்பது 7இன் ஐந்தாம் அடுக்கு. 7ஆல் பெருக்கிக்கொண்டே போனால் எல்லா வீட்டையும் தொடலாம். கீழ் வீட்டுக் குடும்பத்தில் 5 இல்லாததால் ஐந்து ஐந்து படியாகத் தாவினாலும் எதுவும் விடுபடாது.

அடுத்தது நிறைவெண். 6-க்குத் தன்னைத் தவிர்த்த வகுத்திகள் 1, 2, 3; கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒரு நிறைவெண்ணைப் பெற்றுத் தரும். நம் எண் தருவது 2³⁰ × 2147483647 = 2305843008139952128. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் இதைத் தம் நூலில் குறிப்பிட்டு, இனி இதைவிடப் பெரிய நிறைவெண் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை என்று எழுதினார். வேடிக்கைக்குத்தானே தவிர பயனில்லாத விஷயம் என்பதால் யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் காரணம். மனிதனுக்கு வெட்டி வேலையில் உள்ள ஆர்வத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1876இல் லூக்கா வந்தார். 1883இல் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியாரான பெர்வூஷின் 2⁶¹ − 1 பகா எண் என்று நிறுவினார்.

31 தானே ஒரு மெர்சென் பகா எண் என்பதைக் கவனித்தீர்களா? 2⁵ − 1 என்பது 31. அதையே அடுக்காக ஏற்றினால் நம் எண். சரி, நம் எண்ணையே அடுக்காக ஏற்றினால்? 64 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களுடன் ஓர் அசுரன் வருவான். அவன் பகா எண்ணல்ல. 295257526626031ஆல் வகுபடுவான். அந்த வகுத்தியில் ஒன்றைக் கழித்து 2147483647ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமே இல்லாமல் 137490 வரும். பிரட்டுக் கணக்கு அங்கேயும் செல்லுபடியாகிறது.

நாள் கணக்கில் இதைச் சந்திக்கும் வேளை ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது. பல கணினிகள் நேரத்தை, 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் இருந்து கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. அந்தக் கணத்தில் நம் ஊரில் காலை 7:30. தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது 1982 பிறந்தபோதுதான். வினாடியை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, மலேசிய நேரம் காலை 11:14:07 மணிக்கு 2147483647ஆவது வினாடி. அடுத்த வினாடி திருத்தப்படாத கருவி 1901-க்குத் திரும்பிவிடும். தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்து மணிக்கூண்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதற்குப் பல்சக்கரம். உங்கள் தராசுக் கணினி அதுவரை இருந்தால் அதைப் பற்றி இப்போதே கேட்டு வையுங்கள். மனித வயதில் இது 68 முடிந்து பதினெட்டு நாள். எனக்கு அந்த வினாடி போன ஆண்டே கடந்துவிட்டது. கழித்தலில் போய்விடவில்லை, இடது முட்டி மட்டும் தகராறு செய்கிறது.

ஓட்டுநர் விஷயம் பாக்கி இருக்கிறது. கடைசியில் இருந்து இலக்கங்களைப் பிரித்துப் பாருங்கள். 7 பகா எண். 47 பகா எண். 647 பகா எண். நான்காவது இலக்கம் சேர்ந்ததும், அவர் பணம் கட்டிய 3647-இல் சங்கிலி அறுந்துவிடுகிறது: அது 7 × 521. ஆனால் 7, 521 இரண்டுமே மெர்சென் பகா எண் தரும் அடுக்குகள். 2⁵²¹ − 1 பகா எண் என்பது 1952 ஜனவரியில் கணினி வழியாகத் தெரிந்தது. எழுதும்போதுதான் நானே இதைக் கவனித்தேன். காகிதத்தில் இரண்டு தடவை பெருக்கிச் சரிபார்த்துவிட்டேன். குலுக்கலுக்கு இதெல்லாம் தெரியாது, பத்தாயிரத்தில் 3647-க்கும் மற்ற எண்ணுக்கும் ஒரே வாய்ப்புதான். இருந்தாலும் அன்று வந்ததா இல்லையா என்று அந்த அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள் தம்பி.